நாவலூத்தின் செவலைக் கடா

நாவலூத்து நிறுத்தம் வந்தால் கண்டக்டர்கள் விசில் ஊதுவதில்லை. கரட்டுக் குன்றின் வளைவைத் தாண்டியதுமே ஒச்சம்மாள் மெஸ்ஸின் கறிவாசம் ஜன்னல் வழியாக பஸ்ஸுக்குள் ஏறி, தூங்குகிறவனை உசுப்பி, தேனிக்கு டிக்கெட் எடுத்தவனைக்கூடப் பாதியில் இறக்கிவிட்டுவிடும். இறங்கியவன் இரண்டு பந்தி தின்றுவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறும்போது வலது கையைக் கழுவாமல் வேட்டிக்கு வெளியே தனியாகத் தூக்கிப் பிடித்தபடி, போகிற வழியெல்லாம் முகர்ந்துகொண்டே போவான்.

ஒச்சம்மாளுக்கு அப்போது நாற்பத்தாறு வயது. பிள்ளையில்லை. புருஷன் தவசி ஆடு அறுப்பான், அவள் ஆக்குவாள், இருபத்திரண்டு வருஷமாக அதுதான் அவர்களுடைய தாம்பத்தியம். அவள் கறி ஆக்குவதைப் பார்க்கவே ஆட்கள் அடுப்படி ஜன்னலில் நிற்பார்கள். செக்கு நல்லெண்ணெயில் சின்ன வெங்காயம் கண்ணாடியாகிற நேரத்தில் கறியைக் கொட்டி, மஞ்சளும் கல்லுப்பும் போட்டு, அது தன் தண்ணீரைத் தானே விட்டுத் தானே குடித்து முடிக்கும்வரை கரண்டி படாமல் விட்டு, வறுத்து அரைத்த மல்லியும் வரமிளகாயும் மிளகும் சேர்த்து, வால்கொழுப்பை வேறு சட்டியில் உருக்கி மேலே ஊற்றி மூடிவிட்டால் அப்புறம் திறந்து பார்க்க மாட்டாள்; காதைச் சட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோவாள், உள்ளே எலும்பும் குழம்பும் முட்டிக்கொள்கிற சத்தம் தடித்து வருவதைக் கேட்டுவிட்டு "ஆச்சு" என்பாள். ஆகியிருக்கும்.

தவசி அறுப்பதற்கும் ஒரு முறை உண்டு. மற்ற ஆடுகள் பார்க்காதபடி கொட்டகைக்குப் பின்பக்கம் கொண்டுபோய், துண்டால் அதன் கண்ணை மூடி, ஒரே இழுப்பில் முடிப்பான். கையைக் கழுவிவிட்டு ஒரு டீ குடிக்கும்வரை யாரோடும் பேச மாட்டான்.

மாசி மாதம் இரண்டாம் ஞாயிறு அவன் அறுத்தது ஒரு செவலைக் கடா. இடது காது கிழிந்தது. சந்தையில் பிடித்து வந்தபோதே யாரையும் முட்டாமல் சாதுவாக நடந்து வந்தது. அன்றைக்கு அதன் கறி பத்து மணிக்குள் தீர்ந்துபோனது. தலையை மேலத்தெரு வாங்கிப் போனது, குடலை ஒச்சம்மாள் பொரியல் செய்தாள், கால்களை வாங்கியவர்கள் தீயில் வாட்டிச் சூப்பு வைத்தார்கள், தோலில் உப்புத் தடவித் தவசி கொட்டகைச் சுவரில் ஆணியடித்து விரித்தான். திங்கட்கிழமை காலையில் தோல் சுவரில் இல்லை. நான்கு ஆணிகளும் இருந்தன. கடா கட்டுத்தறியில் நின்று அகத்திக்கீரை தின்றுகொண்டிருந்தது.

"ஏபுள்ள, இங்க வா" என்று தவசி கூப்பிட்டான்.

ஒச்சம்மாள் வந்து கிழிந்த காதைப் பிடித்துப் பார்த்தாள். கடா அவள் முந்தானையை முகர்ந்தது. முந்தானையில் நேற்றைய குழம்பு வாசம் அடித்தது, அதன் சொந்த வாசம்.

"நேத்து அறுத்ததுதானய்யா?"

"அதேதான். உப்புக்கூட முதுகுல ஒட்டியிருக்கு பாரு."

அவள் முதுகைத் தட்டி உப்பை உதிர்த்துவிட்டு மாவரைக்கப் போனாள். தவசி மறுபடியும் அறுத்தான். செவ்வாய்க்கிழமை மறுபடியும் நின்றது. புதன்கிழமை பஞ்சாயத்துத் தலைவர் அய்யணன் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்து, தன் கண்முன்னால் அறுக்கச் சொல்லி, கறியைத் தன் வீட்டுக்குத் தூக்கிப்போய்த் தின்று, வியாழக்கிழமை காலையில் பல் குத்திக்கொண்டே வந்து கடாவைப் பார்த்தார். கால்நடை டாக்டர் வந்து நாக்கை இழுத்துப் பார்த்து, வயிற்றைத் தட்டிப் பார்த்து, "ஆரோக்கியமா இருக்கு, குடல்புழு மாத்திரை மட்டும் ஒண்ணு குடுங்க" என்று சீட்டு எழுதிவிட்டு ஈரல் வறுவலோடு சாப்பிட்டுப் போனார். பள்ளிவாசல் தெருவில் ஹஜ்ரத், "உசுரு போகாததை அறுத்ததுன்னு எப்படிச் சொல்ல?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார், அதற்குப் பதில் இல்லாததால் அந்தத் தெரு மட்டும் அன்றிலிருந்து கத்தரிக்காய்க்குத் திரும்பியது. மற்ற தெருக்களில் யாரும் எதையும் கேட்கவில்லை. ஊர்ச்சாவடியில் கூடி, கடா இனிமேல் ஊருக்குப் பொது என்றும், திங்கள் செவ்வாய் கீழத்தெரு, புதன் வியாழன் மேலத்தெரு, வெள்ளி சனி காலனி, ஞாயிறு எல்லாருக்கும் என்றும், அறுப்பது தவசி, ஆக்குவது ஒச்சம்மாள் என்றும் முடிவு செய்து, முடிவு செய்த கையோடு சாப்பிட உட்கார்ந்தார்கள்.

அந்தக் கறிக்கு அப்படி ஒரு ருசி இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒருநாள் வயதுள்ள கறி. நேற்று ராத்திரி ஊறிய சதை, வெயிலே படாத எலும்பு. அது விரல் பட்டால் பிரிந்தது, நாக்கில் வைத்தால் பல்லுக்கு வேலையில்லாமல் இறங்கியது. பல் போனவர்கள் தின்றார்கள். பால்குடி மறக்காத பிள்ளைகளுக்குத் தாய்மார்கள் மென்று ஊட்டினார்கள். வருஷத்துக்கு இரண்டு தரம், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கறி பார்த்த வீடுகளில் காலையிலும் கறி, மத்தியானமும் கறி, ராத்திரியும் கறி என்றாயிற்று; முதல் மாதம் ஒச்சம்மாளுக்குக் கண்ணில் நீர் வந்தது, ஒரு ஊரே வயிறு நிறைந்து ஏப்பம் விடுகிற சத்தம் கேட்டு.

சித்திரையில் அய்யணன் ஒரு யோசனை சொன்னார்.

"முழுசா எதுக்குப்பா அறுக்கணும்? மேலத்தெருவுக்குத் தொடை போதும்னா தொடையை மட்டும் எடு. மிச்சம் அது பாட்டுக்கு நிக்கட்டும். விடிஞ்சா வளந்துக்கப் போகுது."

தவசி ஒருநாள் தள்ளிப்போட்டான். மறுநாள் எடுத்தான். கடா கத்திய கத்தலில் நாவலூத்தில் அத்தனை கதவும் சாத்திக்கொண்டது. இரண்டாம் நாள் கொஞ்சம் தாழ்த்திக் கத்தியது. ஐந்தாம் நாள் கத்தவேயில்லை என்று ஊரில் சொன்னார்கள். ஒச்சம்மாளுக்குக் கேட்டது.

அதற்குப் பிறகு கண்ணை மூடுகிற துண்டு கொடியிலேயே கிடந்தது. கொட்டகைக்குப் பின்னால் போகிற வேலையும் இல்லை. வாசலிலேயே, வேப்பமரத்து நிழலில், ஆட்கள் சட்டியோடு வரிசையில் நின்று "எனக்கு நெஞ்செலும்பு", "எனக்குச் சப்பையில கொஞ்சம்" என்று விரல் நீட்டிக் காட்ட, தவசி வெற்றிலை மென்றபடி, யார் வீட்டுக் கல்யாணம் எப்போது என்று விசாரித்தபடி, காட்டிய இடத்தில் எடுத்துக் கொடுத்தான். கடா அசைபோட்டது.

ஊர் மாறியது. வீட்டுச் சுவர்களில் கை உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு விழுந்து, தொட்டால் பிசுபிசுத்தது. குடத்துத் தண்ணீரில் காலையில் மெல்லிய ஆடை கட்டியிருந்தது. விரலால் ஒதுக்கிவிட்டுக் குடித்தார்கள். அம்மன் கோயில் குத்துவிளக்கில் எண்ணெய் ஊற்றாமலே கொழுப்பு உருகித் திரி எரிந்தது, பூசாரி அதை நல்ல சகுனம் என்றார். வைத்த சோற்றைக் காக்கை எடுக்கவில்லை, எலும்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனது. நாய்கள் குரைப்பதை விட்டுவிட்டுத் தெருவில் மல்லாந்து கிடந்தன. அவற்றைத் தாண்டித்தான் நடக்க வேண்டும். ஆண்களின் கழுத்தில் மடிப்பு விழுந்து மடிப்புக்குள் வேர்வை மஞ்சளாக நின்றது. யாரைப் பார்த்தாலும் வாயில் ஒரு விளக்குமாற்றுக் குச்சி, பல்லிடுக்கில் குத்திக்கொண்டும் எடுத்ததைப் பார்த்துக்கொண்டும் திரும்ப வாய்க்குள் போட்டுக்கொண்டும். யாருக்கும் மற்ற ஆடு தேவைப்படாததால் பட்டிகளில் இருந்த ஆடுகள் கிழடாகி, முடி உதிர்ந்து, கண் பூத்து, தாடி தரையில் இழுபடத் தெருத்தெருவாக இருமிக்கொண்டு திரிந்தன. செத்தால் இழுத்துப்போட ஆளில்லை.

வைகாசியில் ஒருநாள் ஒச்சம்மாள் தொடைக்கறியைத் துண்டு போடும்போது கையில் ஒன்று நெருடியது. வலது தொடையின் உட்பக்கம், எலும்பிலிருந்து மூன்று விரல் தள்ளி, பட்டாணி அளவு ஒரு கட்டி. நசுக்கிப் பார்த்தாள். மஞ்சளாகச் சீழ் வந்து, உள்ளே முறிந்த கருவேல முள் ஒன்று இருந்தது. எப்போதோ காட்டில் மேயும்போது ஏறியது. எடுத்து எறிந்தாள். மறுநாள் அதே இடத்தில் விரல் நின்றது. அதே கட்டி, அதே சீழ், அதே இடத்தில் முறிந்த அதே முள். அதற்கு மறுநாளும். அவள் எறிவதை நிறுத்திவிட்டு ஊறுகாய்ப் புட்டி ஒன்றில் போட்டு வைத்தாள். ஆனி பிறக்கும்போது புட்டியின் அடி மூடியிருந்தது.

"ஏய்யா, இதைப் பாரு."

தவசி புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். "என்ன இது?"

"முள்ளு. ஒரே முள்ளு. இத்தனை நாளும் நாம ஒரே தொடையத்தான் தின்னுக்கிட்டு இருக்கோம். நேத்துத் தின்னதையே இன்னைக்கும் திங்கிறோம். முந்தாநாள் தின்னதையும்."

"அதான் எடுத்துப் போட்டுட்டியே. அப்புறம் என்ன?"

அவன் கேட்டதில் கேலி இல்லை. உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டான். அவன் மீசை ஓரத்தில் காலையில் தின்ற கொழுப்பு வெள்ளையாக உறைந்திருந்தது. ஒச்சம்மாள் அதைப் பார்த்தாள். இருபத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாக, அந்த மீசை தன்மேல் பட்டதை நினைத்து அவளுக்குக் குமட்டியது.

அன்றிலிருந்து அவள் கம்மங்கூழும் வெங்காயமும் தவிர எதுவும் தொடவில்லை. ஆக்குவதை நிறுத்த ஊர் விடாது. மூக்கில் முந்தானையைக் கட்டிக்கொண்டு ஆக்கினாள். முகராமல், ருசி பார்க்காமல், காதை மட்டும் வைத்து ஆக்கினாள், அப்படியும் குழம்பு அமிர்தமாக வந்தது. அது அவளுக்கு இன்னும் அருவருப்பாக இருந்தது. தலைக்குச் சீயக்காய் போட்டு மூன்று தரம் அலசினாலும் மயிரில் வாடை நின்றது. தாலிக்கயிறு எண்ணெய்த் திரிபோல் கறுத்து மினுங்கியது. நகக்கண்ணை ஊசியால் சுரண்டினாள்; சுரண்டச் சுரண்டக் கொழுப்பு வந்தது.

பக்கத்து வீட்டு வீராயி, மெஸ்ஸில் பாத்திரம் தேய்த்து மசாலா அரைக்கிறவள், ஒருநாள் இடுப்பில் தன் பேத்தியோடு வந்தாள். ஒன்பது மாதக் குழந்தை. ஒச்சம்மாள் ஆசையாகக் கன்னத்தைத் தொட்டாள். குழந்தை அவள் விரலைப் பிடித்து வாயில் வைத்துச் சப்பியது. சப்பியது கடியாக மாறி, புதிதாக முளைத்த நான்கு பல்லும் தோலுக்குள் இறங்கின. இழுத்தால் விடவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு, கண்ணைச் செருகிக்கொண்டு, இன்னும் ஆழமாகக் கடித்தது.

"ருசி கண்டுக்கிருச்சு மதினி!" என்று வீராயி வயிறு குலுங்கச் சிரித்தாள். "உன் கைமணம் அப்படி."

விரலை விடுவித்தபோது ரத்தம் வந்தது. குழந்தை உதட்டை நக்கியது.

ஆடித் திருவிழாவுக்கு ஊர்ச்சோறு என்று சாட்டினார்கள். சுற்றுப்பட்டு எட்டு ஊருக்கும் அழைப்பு; மூவாயிரம் இலை. கோயில் பொட்டலில் பந்தல் போட்டு, கடாவுக்கு மாலை போட்டு நடுவில் கட்டி, ஆறு அண்டாவை அதைச் சுற்றி அடுப்பில் ஏற்றினார்கள். கறியைத் தூக்கிக்கொண்டு நடக்கிற தூரம்கூட மிச்சம். விடியக்காலை தொடங்கிய தவசி எடுக்க எடுக்க, கடாவும் ஊரின் அவசரத்தைத் தெரிந்துகொண்டதுபோல விடியும்வரை காத்திராமல் வளர்ந்தது. ஒரு டீ குடிக்கிற நேரத்துக்குள் எலும்பின்மேல் ஈரச்சதை நுரைபோலப் பொங்கி, ஜவ்வு மூடி, மயிர் முளைத்தது. பார்க்க வந்தவர்கள் மயிர் முளைக்கும்வரையும் பொறுக்கவில்லை. "அப்படியே எடுப்பா, உரிக்கிற வேலை மிச்சம்" என்றார்கள்.

ஒச்சம்மாள் நான்காவது அண்டாவில் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். மூக்கில் கட்டிய முந்தானையையும் மீறி வாசம் வந்தது. எதிரே கடாவின் உடம்பில் எடுத்த இடத்தில் சதை பொங்குகிற சத்தம் கேட்டது, குழம்பு கொதிக்கிற சத்தமேதான் அதுவும். இரண்டுக்கும் அவள் காதில் வித்தியாசம் தெரியவில்லை. துடுப்பை விட்டாள். அண்டா விளிம்பைப் பிடித்துக் குனிந்தாள். காலையில் குடித்த கம்மங்கூழ் முழுவதும், வெங்காயத் துணுக்கோடு, குழம்புக்குள் போனது.

அவள் வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். ஆறு அண்டாவில் ஒன்று கெட்டுப்போனது, பந்தி நின்றுபோகும், திட்டுவார்கள், அடிக்கக்கூட வருவார்கள் என்று நினைத்தாள். அதில் அவளுக்கு ஒரு நிம்மதிகூட இருந்தது.

அய்யணன் எட்டிப் பார்த்தார்.

"ஒண்ணுமில்லப்பா. மேலாக ரெண்டு கரண்டி மோந்து ஊத்திட்டு இறக்குங்க. கொதியில எல்லாம் செத்துரும். நேரமாச்சு, இலையப் போடுங்க."

மோந்து ஊற்றினார்கள். இறக்கினார்கள். இலை போட்டார்கள். அவள் பார்த்துக்கொண்டே நிற்க, அந்த அண்டாவிலிருந்து ஐந்நூறு இலைக்குப் பரிமாறினார்கள். தொலைதூரத்திலிருந்து வந்த ஒரு பெரியவர், விரலைச் சூப்பிக்கொண்டே பக்கத்து இலைக்காரரிடம், "இன்னைக்கு லேசா ஒரு புளிப்புச் சேந்திருக்கு, கவனிச்சீங்களா? அம்சமா இருக்கு" என்றார். அந்த அண்டாவைத்தான் மறுசோறுக்கும் கேட்டார்கள்.

ஒச்சம்மாள் போய்க் கடாவுக்குப் பக்கத்தில், ரத்தச் சகதியில், உட்கார்ந்தாள். அதன் கழுத்து மாலையைக் கழற்றி எறிந்தாள். கடைசிப் பந்திக்கு எடுக்கத் தவசி கத்தியோடு வந்தான்.

"எந்திரி புள்ள. ஆளுக உக்காந்துட்டாக."

"எடுக்காத."

"இந்த ஒரு தடவைதான். எந்திரி."

"கறிதான வேணும்?" அவள் ரவிக்கைக் கையை மேலே சுருட்டி, இடது கையைக் கறிவெட்டுகிற கட்டையின்மேல் நீட்டினாள். "இதுல எடு. வளருதா பாப்போம். வளந்தா நாளைக்கும் எடுத்துக்க."

"பைத்தியக்காரி மாதிரிப் பேசாத" என்று சொல்லிக்கொண்டே தவசி அவள் கையைப் பிடித்தான், தள்ளிவிடுவதற்காகத்தான் பிடித்தான். பிடித்த இடத்தில் அவன் கட்டைவிரல் தன்பாட்டில் அழுந்தியது. முழங்கைக்கு மேலே, உட்பக்கம், சதை எங்கே முடிகிறது எலும்பு எங்கே தொடங்குகிறது என்று தடவிக்கொண்டே தோள்வரை போனது. கொழுப்பு எத்தனை விரல் என்று அளந்தது. கத்தி எங்கிருந்து இறங்கினால் ஜவ்வில் மாட்டாமல் வரும் என்கிற இடத்தில் போய் நின்றது. அவன் கண் அவள் முகத்தில் இல்லை, கையில் இருந்தது. தலையை ஒருபக்கம் சாய்த்து, சந்தையில் கடாவை எடைபோடுகிற பார்வை.

ஒச்சம்மாள் கையை இழுக்கவில்லை. "என்னய்யா, எத்தனை கிலோ தேறும்?" என்று கேட்டாள்.

அப்போதுதான் தவசி தன் கட்டைவிரலைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். கத்தி அவன் கையிலிருந்து நழுவிச் சகதியில் விழுந்தது. அவன் நான்கு எட்டு தள்ளிப்போய்ப் பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு, காலையில் தின்றது, நேற்றுத் தின்றது எல்லாம் வெளியே வரும்வரை ஓங்கரித்தான். முடிந்ததும் தண்ணீர் கேட்கவில்லை. "என்ன செய்யலாம்?" என்று மட்டும் கேட்டான்.

"நடக்கலாம்."

யாரும் அவர்களைத் தடுக்கவில்லை. மத்தியானம் இரண்டு மணி. கடைசிப் பந்தியும் அண்டாக்களில் மிச்சமிருந்ததை வழித்துத் தின்றிருந்தது. மூவாயிரம் பேரும் தின்ற இடத்திலேயே சரிந்திருந்தார்கள். பந்தலிலும், கோயில் மண்டபத்திலும், தெருவின் இரண்டு ஓரத்திலும், ஒருவர் வயிற்றில் ஒருவர் தலையை வைத்து, வாய் திறந்து, உதடும் கன்னமும் நெய்யாக மினுங்க, வெயிலிலேயே குறட்டை விட்டார்கள். ஈக்கள் உதட்டில் உட்கார்ந்து சாவகாசமாகத் தின்றன. அய்யணன் நாற்காலியில் சாய்ந்து தூங்கினார், அவர் தாடை மட்டும் தூக்கத்திலும் மென்றுகொண்டிருந்தது. தவசி கயிற்றைப் பிடித்து முன்னால் போக, கடா நடுவில், ஒச்சம்மாள் பின்னால். நீட்டிக் கிடந்த கைகளையும் கால்களையும் மிதிக்காமல் தாண்டித் தாண்டி ஊரைவிட்டு வெளியே வந்தார்கள். வழியில் ஒரு கிழட்டு ஆடு இருமிக்கொண்டே கொஞ்சதூரம் கூட வந்து நின்றுவிட்டது.

கரட்டின் மேலே, கருவேலமும் குரண்டியும் மண்டிய பாறைச்சரிவில், தவசி கயிற்றை அவிழ்த்தான்.

"போ" என்றான்.

கடா போகவில்லை. அது ஒச்சம்மாளைப் பார்த்தது, தவசியைப் பார்த்தது, கத்தியைத் தேடுவதுபோல் அவன் கையைப் பார்த்தது. பிறகு வலது பின்னங்காலை மெதுவாகத் தூக்கி, அவனுக்கு வாகாகப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு, மூன்று காலில் நின்றது.

தவசி முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஒச்சம்மாள் கிட்டே போய், "வேணாம்" என்றாள். "வேணாஞ்சாமி. கீழ வையி." கடாவுக்கு அந்தச் சொல் தெரியவில்லை. காலை இன்னும் கொஞ்சம் விரித்துக் காட்டியது. அவள் குளம்பைப் பிடித்துத் தரையில் வைத்தாள்; கையை எடுத்ததும் அது மறுபடி தூக்கியது. அவர்கள் இருவரும் பாறையில் உட்கார்ந்தார்கள். வெயில் சாய்ந்தது. தூக்கிய கால் நடுங்கத் தொடங்கியது, ஆனாலும் இறக்கவில்லை. இந்த மனிதர்கள் ஏன் தாமதிக்கிறார்கள் என்று அது பொறுமையாகக் காத்திருந்தது. பொழுது கரட்டுக்குப் பின்னால் இறங்குகிற சமயத்தில்தான் கால் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்து, குளம்பின் நுனி மண்ணைத் தொட்டு, எடுத்து, திரும்பவும் தொட்டு, ஊன்றியது. நான்கு காலில் கொஞ்சநேரம் நின்று பார்த்தது. அப்புறம் ஒரு குரண்டிச் செடியில் இரண்டு இலை கடித்துக்கொண்டு, அவசரமில்லாமல், மேலே ஏறிப் போனது.

மறுநாள் நாவலூத்து கத்தியும் சட்டியும் எடுத்துக்கொண்டு கரட்டில் ஏறித் தேடியது. மூன்று நாள் தேடினார்கள். மூச்சிரைத்து, பாறைக்குப் பாறை உட்கார்ந்து, "பா... பா..." என்று கூப்பிட்டுத் தேடினார்கள். கிடைக்கவில்லை. ஒச்சம்மாளையும் தவசியையும் ஊர்விலக்கு வைத்தார்கள். யாரும் பேசவில்லை, கடையில் சாமான் கொடுக்கவில்லை. பள்ளிவாசல் தெருவில்தான் அரிசியும் பருப்பும் வாங்கிக் காலம் தள்ளினார்கள். தவசி செங்கல் சூளைக்குப் போனான். அவள் மெஸ்ஸில் இட்லி சுட்டாள், தேடி வர ஆளில்லை. பஸ்கள் நிற்காமல் போயின. நாவலூத்துக்காரர்கள் கிழட்டு ஆடுகளைப் பிடித்து அறுத்துத் தின்று பார்த்தார்கள். ரப்பர் மாதிரி இழுத்தது, மூத்திர வாடை அடித்தது, தின்று முடித்துவிட்டு ஒச்சம்மாளை ஏசினார்கள். ஐப்பசி மழையில் சுவர்களின் பழுப்புக் கோடு ஊறி உரிந்தது. கார்த்திகையில் நாய்கள் குரைக்க ஆரம்பித்தன. அய்யணன் மாரடைப்பில் படுத்து எழுந்து, கஞ்சி குடித்து, பாதி ஆளாக மெஸ் பக்கம் வந்து, நான்கு இட்லி தின்றுவிட்டுப் போனார். அப்புறம் ஒவ்வொருவராக வந்தார்கள்.

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஒச்சம்மாள் உளுந்து களைந்துகொண்டிருந்தாள். வீராயி வீட்டில், அரையாண்டுக்குப் பிறகு முதல் தரமாக, நல்ல இளங்கறி எடுத்திருந்தார்கள். பெரியகுளம் சந்தையில் நேர்மையாகச் செத்த ஆடு. வீராயி இருபது வருஷம் கூட நின்று பார்த்தவள். வெங்காயம் கண்ணாடியானது, கறி தன் தண்ணீரை விட்டது, குடித்தது, மல்லி விழுந்தது, வால்கொழுப்பு உருகியது, எல்லாம் சுவரைத் தாண்டி ஒவ்வொன்றாக வந்தது. ஒச்சம்மாள் களைகிற கையை நிறுத்தவில்லை.

வீராயி கிண்ணத்தோடு சுவருக்கு மேலே தலையை நீட்டினாள்.

"மதினி, கோவிச்சுக்காத. திங்கச் சொல்லல. உப்பு மட்டும் பாத்துச் சொல்லிரு. எனக்குப் பிடிபட மாட்டேங்குது."

ஒச்சம்மாள் கிண்ணத்தை வாங்கவில்லை. மூக்கால் ஒருமுறை இழுத்துவிட்டு, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து, ஒரு சிட்டிகை என்று காட்டினாள்.

"வாயில வைக்காமலே எப்படிச் சொல்ற? ஏன், வாயத் தொறந்துதான் சொல்லேன்."

ஒச்சம்மாளால் வாயைத் திறக்க முடியவில்லை. வாய் நிறைய எச்சில் ஊறி நின்றது. அவள் எழுந்து கொல்லைக்குப் போய் வாழைமரத்தடியில் துப்பினாள். நிமிர்வதற்குள் மறுபடி ஊறியது. மறுபடி துப்பினாள். துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் தவசி ஈரத்துண்டோடு நின்றிருந்தான். அவன் உதட்டை இறுக மூடிக்கொண்டு, கன்னம் இரண்டும் லேசாக உப்பியிருக்க, அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். சுவருக்கு அந்தப்பக்கம் வீராயி உப்பைப் போட்டுச் சட்டியை மூடினாள். இருவரும் பேசிக்கொள்ளவில்லை. பேசியிருந்தால் வழிந்திருக்கும்.